நூறு எண்ணும்வரை

டீயில் சீனி குறைந்தால்கூட எனக்குக் கோபம் வரும், ஐயா. டம்ளரை வைக்கிற சத்தத்திலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவன் ஐந்து மாதத்தில் மாறினேன். விசாரணைக்கு என் நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். தேதி, மனதில் என்ன வந்தது, எத்தனை வரை எண்ணினேன் என்று தினமும் எழுதியிருக்கிறேன். அடித்தல் திருத்தல் நிறைய இருக்கும். எழுதியது சரிதானா என்று எனக்கு எப்போதும் சந்தேகம்.

ஆனைக்குட்டம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் செக்கிங் வேலை. எந்த அறையில் எத்தனை பேர், வாசலில் தண்ணீர் இருக்கிறதா, முந்தின நாள் வெடிமருந்து மிச்சம் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆபத்து தெரிந்தால் நான் கத்த வேண்டும். கத்தினால் எல்லோரும் போட்டது போட்டபடி ஓட வேண்டும். அதுதான் முறை.

மாசியில் ஒரு நாள் மருந்து கலக்கும் அறையில் புகை தெரிந்தது. கத்தினேன். நாற்பது பேர் ஓடினார்கள். தட்டு எடுத்துக்கொடுக்கிற செல்லத்தாயக்கா விழுந்து கை ஒடிந்தது. போய்ப் பார்த்தால் புகை இல்லை, சல்லடையிலிருந்து பறந்த தூசி.

போர்மேன் காசிராஜன் எல்லோர் முன்னாலும் கேட்டார். "என்னலே முனியராஜ், அருள் வந்துருச்சா? வந்தா இருக்கன்குடி கோயிலுக்குப் போலே. இங்கன ஆடாத."

"விடுங்கண்ணே, பயந்துட்டான். ஒடிஞ்சது என் கை, நானே சும்மா இருக்கேன். நீங்க எதுக்கு அம்புட்டுக் கத்துறீக?" என்றார் செல்லத்தாயக்கா.

அன்று முதல் நான் வாயைத் திறந்தாலே, "ஏலே, வேப்பிலை கொண்டாங்கலே, சாமி பேசப்போகுது" என்பார் காசிராஜன். எல்லோரும் சிரிப்பார்கள். மத்தியானச் சோற்றைக்கூட உட்கார முடியாமல் நடந்துகொண்டே சாப்பிடுவேன்.

அப்போதுதான் சாத்தூரில், அச்சகத்து மாடியில் நடக்கும் மாலை வகுப்பில் சேர்ந்தேன். மனதை அடக்கக் கற்றுத்தருகிற வகுப்பு. கோபமோ பயமோ வந்தால் உடனே வாய் திறக்கக் கூடாது, நூறு வரை எண்ண வேண்டும், அதற்குப் பிறகும் நியாயமாகப் பட்டால் பேசலாம் என்றார் கனகசபாபதி சார்.

"அவசரம்னா சார்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அவனவன் கோபம் அவனவனுக்கு அவசரந்தான் தம்பி."

ஆடி மாதம், திங்கட்கிழமை, காலை எட்டு பத்து. மருந்து கலக்கும் அறைக்கு வெளியே சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். சனிக்கிழமை மிஞ்சிய மருந்து தட்டில் அப்படியே இருந்தது. ஞாயிறு பெய்த மழையில் ஈரம் ஏறியிருந்தது. ஈரம் பட்ட மருந்து தானாகவே சூடேறும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். காசிராஜன் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, புது மருந்தைச் சலித்துக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து நூல்போல ஏதோ எழுந்தது.

நெஞ்சு அடித்துக்கொண்டது. எண்ணத் தொடங்கினேன். பழைய முனியராஜ் என்றால் இரண்டிலேயே கத்தியிருப்பான். முப்பதில் சத்தம் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினேன். எழுபதில் செல்லத்தாயக்கா வெறும் தட்டுகளோடு என்னைத் தாண்டி உள்ளே போனார்.

"சாப்ட்டியாய்யா?" என்றார்.

தலையை மட்டும் ஆட்டினேன். பேசினால் எண்ணிக்கை தவறிவிடும்.

தொண்ணூற்றிரண்டில் வெடித்தது. இரண்டு பேரும் போய்விட்டார்கள். நூறு முடியாமல் போனது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கத்தினால் மறுபடியும் சிரிப்பார்களோ என்று பயந்தாயா என்று கேட்டீர்கள். நானும் நோட்டில் அப்படித்தான் முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். நாற்பதிலேயே என் மனம் அடங்கிவிட்டது, ஐயா. பயம் இல்லை, படபடப்பு இல்லை. அது தூசி இல்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. காசிராஜன் திரும்பிப் பார்க்கவில்லை.

நாற்பத்தொன்று என்று எண்ணினேன்.