கண் கூசாத கண்ணாடி

"எதுக்கு மாமா இதுக்கு இவ்ளோ பெரிய மூஞ்சி?" என்று புவனா கேட்டாள். புது லென்சின் முன்பக்கக் கண்ணாடியைத்தான் சொன்னாள்.

"வைடு ஆங்கிள்னா அப்டித்தான். வாய அகலமாத் தொறந்தாத்தான் ஏரி மொத்தமும் உள்ள போவும்."

"உங்கம்மா மாதிரின்னு சொல்லு."

"மெதுவாப் பேசு. காதுல வுழுந்துடப் போவுது."

புவனேஸ்வரி என் மாமன் மகள், என் மனைவி. அவளோடு பேசிய பேச்சுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அந்த லென்சைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான் என்பதால், அதைப் பற்றி ஒழுங்காகச் சொல்லவும் என்னால் முடியும்.

எனக்குத் தவளக்குப்பம் கூட்டுரோட்டில் ஸ்டூடியோ இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் போட்டோ. அவளுக்குத் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் ஆபீஸ் வேலை. கேமரா அவளுக்குப் பொழுதுபோக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாகூர் ஏரிக்கரையோ பனித்திட்டுக் கடற்கரையோ போய்விடுவாள். என்னை மாதிரி ஆட்களை நிற்கவைத்து எடுக்கமாட்டாள். வெட்டவெளியை எடுப்பாள். பெண்டாட்டிக்குக் கேமரா வாங்கிக் கொடுத்து, வெளியே போகவும் விடுகிற ஆள் என்று ஊரில் எனக்கு நல்ல பெயர். அந்தப் பெயரை நான் மிகவும் நேசித்தேன்.

வைடு லென்சில் ஒரு குறை உண்டு என்று அன்றைக்கே அவளிடம் சொன்னேன். பக்கத்தில் நிற்கிறவன்கூட எங்கோ தூரத்தில் நிற்பதுபோல் தெரிவான்.

கொரோனாவுக்கு முந்தின வருஷம், ஐப்பசியில், ஏரிக்கரையில் வைத்து அவள் ஒரு செய்தி சொன்னாள். ஊட்டிப் பக்கம் காடுகளைப் படம் பிடித்துச் சேர்த்துவைக்கிற ஒரு குழு அவளுடைய ஏரிப் படங்களைப் பார்த்திருக்கிறது. பொங்கல் கழித்து வந்து சேரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள்.

"ரெண்டு வருசம்தான் மாமா. லீவு வுட்டா வந்துடுவேன். நீ வேணாம்னா ஒரு வார்த்த சொல்லிடு, போவல."

அவள் காத்திருந்தாள். வேண்டாம் என்ற வார்த்தை எனக்குத் தொண்டைவரை வந்தது. என் அப்பா என் அம்மாவை எதற்கெல்லாம் தடுத்தார் என்று பார்த்து வளர்ந்தவன் நான். தடுக்கிற புருஷன் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்று இருந்தேன்.

"நான் ஏன் வேணாங்கப்போறேன்? போயிட்டு வா," என்றேன்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதெல்லாம் அவளுக்கு என் முகம் தெரிந்தது.

மார்கழியில் காலை நேரத்துச் சூரிய கிரகணம் வந்தது. ஏரியும் தென்னைகளும் குறைந்துகொண்டே போகிற சூரியனும் ஒரே படத்தில் வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதற்கு லென்சின் முன்னால் மாட்டுகிற பில்டர் கண்ணாடி வேண்டும். நான் இரண்டு வரவழைத்தேன். ஒன்று வெள்ளி நிறத்தில் முகம் தெரிகிற கண்ணாடி. சூரியனை எடுப்பதற்கென்றே செய்தது. இன்னொன்று கறுப்பு; அருவியும் அலையும் பட்டுத்துணி மாதிரி விழ வேண்டுமானால் மாட்டுவது. வைடு லென்சின் வாய் அகலம் என்பதால் இரண்டுமே என் உள்ளங்கை அளவு இருந்தன. கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தைத்தான் குறைக்கும், சூட்டை நிறுத்தாது. இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் இது தெரியும்.

கிரகணத்தன்று என் அம்மா அமுதம் தண்ணீர்க் குடத்திலும் ஊறுகாய் ஜாடியிலும் தர்ப்பையைப் போட்டுவிட்டு, யாரும் வாசற்படி தாண்டக்கூடாது என்றாள். எதிர்வீட்டில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தியிருந்தார்கள். கோயில் நடை சாத்தியிருந்தது. புவனா தயங்கினாள். நான்தான் அவளுக்காகப் பேசினேன். அதெல்லாம் மூடநம்பிக்கை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

ஏரிக்கரையில் எங்களைத் தவிர ஆள் இல்லை. கேமராவில் சூரியன் கடுகளவு தெரிந்தது. இத்தனை சின்னதாகவா என்று அவளுக்கு ஏமாற்றம். அடுத்த படத்துக்கு நேரம் இருந்தது. நான் பில்டரைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன்.

"இத வெச்சிப் பாரு. கண்ணு கூசாது."

நான் பொய் சொல்லவில்லை. கூசவில்லை. அகலமான கண்ணாடி, இரண்டு கண்ணாலும் பார்க்கலாம். அவள் பார்த்தாள், படம் எடுத்தாள், மறுபடியும் பார்த்தாள். கடித்துத் தின்ற தோசை மாதிரி இருக்கிறது என்று சிரித்தாள். ஒருமுறை அதை என் பக்கம் நீட்டி, நீயும் பாரு மாமா என்றாள். உனக்காக வாங்கினது, நீ பாரு என்று சொல்லிவிட்டு நான் தண்ணீரில் இருந்த நாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக் கண்ணாடி ஸ்டூடியோ இழுப்பறையில் இருந்தது. மறந்துபோய் வைத்துவிட்டு வரவில்லை.

அன்று சாயங்காலம் சோற்றைப் பிசைந்துகொண்டே, தட்டின் நடுவில் என்ன கறுப்பாக இருக்கிறது என்று கேட்டாள். கண்ணின் நடுப்பகுதி வெந்துவிட்டது, கண்ணாடி போட்டாலும் தெரியாது என்றார் டாக்டர். அந்த இடத்துக்கு வலி தெரியாது என்றும் சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. எதன் வழியாகப் பார்த்தீர்கள், கொண்டுவந்து காட்டுங்கள் என்றார். ஏரியில் விழுந்துவிட்டது என்று நான் பதில் சொன்னேன்.

ஊரில் யாரும் கண்ணாடியைப் பற்றிக் கேட்கவே இல்லை. கிரகணத்தில் வெளியே போனாள், கிரகணம் கண்ணை எடுத்துக்கொண்டது. அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. "சொன்னாக் கேட்டாளா?" என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். மூடநம்பிக்கை என்று பேசிய நான் இந்த முறை பேசவில்லை.

கொஞ்சம் மங்கினால் போதும் என்றுதான் நினைத்தேன். ஒரு பொங்கல் கழிகிறவரைக்கும். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அவள் ஊட்டிக்குப் போகவில்லை. கம்பெனி வேலையும் போயிற்று. நான் அவளை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். பாகூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மீனில் முள் எடுத்துக் கொடுத்தேன். புடவைக்கு ரவிக்கை சேர்கிறதா என்று பார்த்துச் சொன்னேன். ஒன்றை மட்டும் நான் யோசிக்கத் தவறிவிட்டேன். அவள் எதை நேராகப் பார்க்கிறாளோ அங்கேதான் அந்தக் கறுப்பு போய் உட்காரும். என்னைப் பார்த்தால் சட்டைக் காலர் தெரியும், காது தெரியும், பின்னால் சுற்றுகிற ஃபேன் தெரியும். முகம் தெரியாது. என்னைப் பார்க்க வேண்டுமானால் அவள் வேறு எங்கேயாவது பார்க்க வேண்டும்.

இத்தனை வருஷம் கழித்து, போன வாரம் அந்தக் குழுவிலிருந்து மறுபடியும் போன் வந்தது. கண்ணைப் பற்றி அவளே சொல்லியிருக்கிறாள். பறவைச் சத்தங்களைப் பதிவு செய்ய ஆள் வேண்டும், காதுதான் முக்கியம், வா என்றார்களாம்.

"தை பொறந்ததும் போறேன் மாமா," என்றாள். நீ வேணாம்னா சொல்லிடு என்று இந்த முறை சொல்லவில்லை.

இன்று காலை கேமராப் பையை அடுக்கித் தரச் சொன்னாள். நடுவில் தெரியாவிட்டால் போகிறது, வைடில் எல்லாம் ஓரத்தில்தானே இருக்கிறது என்று அவளே சிரித்துக்கொண்டாள். நான் லென்சைத் துடைத்து உள்ளே வைத்தேன். அவள் தன் கைப்பையைத் துழாவி, வட்டமான ஒரு டப்பாவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். போகிக்காக ஸ்டூடியோவைச் சுத்தம் செய்ய நேற்று என்னோடு வந்திருந்தாள்.

"உன் இழுப்பறையில ரெண்டு டப்பா பக்கத்துல பக்கத்துல இருந்திச்சி. மேல எழுதியிருந்தத போன் படிச்சிக் காட்டிச்சி. ஒண்ணு சூரியனுக்காம்." அவள் குரலில் கோபம் இல்லை. "இது அருவிக்குதான மாமா? அங்க நெறைய அருவி இருக்காம். எடுத்து வையி."

நான் எடுத்து வைத்தேன். பையின் ஜிப்பை மூடினேன். அவள் முகத்தைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே கரும்புக்கொல்லையைப் பார்த்தாள். என்னைத்தான் பார்க்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அவளிடம் ஒன்று கேட்கிற உரிமை எனக்கு இன்னும் இருப்பதாகவே தோன்றியது.

"புவனா," என்றேன். "போவாதடி. எனக்காக இரு."