தேர் இழுக்கிற கியர்

– இன்னும் ஆறு மில்லிமீட்டர் வெளியதான் நிக்குது அண்ணே. ஷாஃப்ட் நீளம் கூட. ஜாக்கி வச்சு நெம்பினாலும் உள்ள போகாது.

– நெம்பிப் பாரும் இளங்கோ. போன சனிக்கிழமை இதைவிடக் கூட வெளிய நிண்டது.

– போன சனிக்கிழமை நீங்க அதை உதைச்சீங்க. அதனால உள்ள போன மாதிரி உங்களுக்குத் தெரிஞ்சிச்சு. இது பழைய ஆர்மி லோரி கியர்பாக்ஸ், அது ஜீப்பு இஞ்சின். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கண்ணால பாத்ததில்ல. நடுவுல நான் செஞ்ச அலுமினியத் தட்டு ஒண்ணுதான் சொந்தம் பேசிக்கிட்டு இருக்கு.

– அப்ப என்னதான் செய்யிறது? நாளைக்குக் கோயில் தேர், இந்த ஜீப்புத்தான் இழுக்க வேணும்.

– அந்தப் பையில ஒரு வளையம் இருக்கு, எடுங்க. சரியா ஆறு மில்லி. நேத்து வேலையில போர்மேன் டீ குடிக்கப் போனப்ப லேத்துல கடைஞ்சேன். நடுவுல கொடுத்தா உக்காந்துரும்.

– இதை வந்த உடன தந்திருக்கலாமே. ஒரு மணித்தியாலமா என்னைச் சீமெந்தில முழங்காலில நிப்பாட்டிப்போட்டீர்.

– உங்களுக்கு அளவு சொன்னா நம்பிக்கை வராது, கண்ணால பாத்தாத்தான் வரும். நாலு மாசமாப் பாக்கிறேன்லா.

– கோவிக்காதையும். மனுசி தவத்திட்டச் சொன்னனான், தேத்தண்ணி வருது. குடிச்சிட்டுச் செய்வம்.

– வேணாம்ணே, முடிச்சிட்டே குடிப்போம். உக்காந்தா நான் எந்திரிக்க மாட்டேன். உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு.

– எனக்கு மட்டும் என்ன? காலமை ஆறு மணி வரைக்கும் பெற்றோல் செட்டில இரா வேலை நிண்டிட்டு வாறன். கண் ரெண்டும் எரியுது.

– அதான் கேக்கிறேன். இருந்த கியர்பாக்ஸுல என்ன குறை? கழட்டும்போது நானே பிரிச்சுப் பாத்தேன். ஒரு பல்லு தேயல. சுண்டு விரலால தள்ளினா மாறும். அதைத் தூக்கி மூலையில போட்டுட்டு, இஞ்சின் சத்தம் கேட்டுக் கேட்டு மாத்த வேண்டிய கிழட்டுச் சாமான் ஒண்ணை லண்டனைத் தாண்டி எசெக்ஸ் பழைய இரும்புக்கடையிலேர்ந்து கொண்டு வந்தீங்க. ரெண்டு பேரும் வேன்ல ஏத்தினப்ப என் முதுகு போனது, இன்னும் வரல.

– எத்தினை தரம் சொல்லுறது. ஜீப்பில முதல் இருந்த கியரின்ர முதலாவதே மனுசர் நடக்கிறதை விடக் கெதி. தேருக்கு முன்னால ஐயர் நடக்கிறார். பொம்பிளையள் கற்பூரச் சட்டியோட போகினம். வீட்டுக்கு வீடு அருச்சனைத் தட்டு வருது, நிக்க வேணும். அவ்வளவு நேரமும் அரைக் கிளச்சில பிடிச்சா வண்டி துள்ளும். போன வருசம் துள்ளினதுதானே. கதவும் கழட்டி வாழைக்குலை கட்டியிருந்தது. பக்கத்துச் சீற்றில பன்னீர்ச் செம்போட இருந்த என்ர மனுசி தூக்கி எறிபட்டு இடுப்பு முறிஞ்சுது. இண்டைக்கும் பொல்லு ஊண்டித்தான் திரியிறா. இந்தக் கியர் ஆமை மாதிரிப் போகும். துள்ளாது.

– அதெல்லாம் தெரியும்ணே. வெளியிலேர்ந்து ஒரு லோரி எடுத்துத் தேரை அதுல கட்டியிருந்தா முடிஞ்சிருக்கும். கோயில் கமிட்டிகூட அதைத்தானே சொன்னாங்க.

– கமிட்டி சொன்னது என்னெண்டா, கியரை மாத்தினா செல்வரத்தினம் ஓட்டட்டும், மாத்தாட்டி வெளியாள். நான் மாத்திறன் எண்டனான். விளங்குதே உமக்கு? வருசம் முழுக்க நான் கண்ணாடிக்குப் பின்னால இருந்து, பம்ப் நம்பர் மூண்டோ நாலோ எண்டு கேக்கிற ஆள். காசை நீட்டுறவனுக்கு என்ர முகம் தெரியாது. அந்த ஒரு நாள்தான் வெம்பிளிச் சனம் முழுக்க நான் ஓட்டிற வண்டிக்குப் பின்னால வருது. சாமியைப் பாக்கத்தான் வருகினம், தெரியும். என்னையும் பாக்கினம். அதை நான் விடமாட்டன் இளங்கோ. என்னால ஏலாது.

– சரிண்ணே. இனிமே கேக்கல. வளையத்தைக் குடுங்க. கியர்பாக்ஸை இந்தப் பக்கம் கொஞ்சம் தூக்குங்க. இன்னும். பிடிச்சிக்குங்க.

– பாரமடா தம்பி.

– விட்ராதீங்க. இந்தா. உக்காந்துச்சு.

– உண்மையாவே?

– கை வச்சுப் பாருங்க. ஒரு தாள் நுழையாது.

– முருகா.

– முருகன் நாளைக்கு வருவாரு. இப்பப் பதினேழு ஸ்பானரைக் குடுங்க.

– இந்தாரும்.

– அண்ணே, உங்க சாக்ஸுல ரத்தம்.

– எங்க?

– இடது கால்ல. சப்பாத்துக்கு மேல, பாருங்க நல்லா ஊறியிருக்கு.

– எங்கயும் உரஞ்சியிருக்கும். நீர் வேலையைப் பாரும்.

– கழட்டுங்கண்ணே. சும்மா கழட்டுங்க. இது என்னது? உள்ள ஒரு நட்டு கிடக்கு. போன வாரம் ரெண்டு பேரும் டார்ச் அடிச்சுத் தேடினமே, அந்த நட்டு. காலையிலேர்ந்து இதை மிதிச்சுக்கிட்டா நின்னீங்க?

– இது கராஜ் சப்பாத்து. இஞ்ச வந்துதான் போட்டனான். என்ர பாதம் அப்பிடி, சின்னனில செருப்பில்லாமல் திரிஞ்ச தோல். விடும்.

– ம்.

– கீழ போய் மிச்சத்தைப் பூட்டும். இருட்ட முதல் ஒருக்கா ஸ்ராட் பண்ணிப் பாக்க வேணும்.

– பூட்டியாச்சு, பூட்டியாச்சு. சக்கரத்துக்குப் போற புரொப் ஷாஃப்ட் ஓகே. எண்ணெய் ஊத்தியாச்சு. அண்ணே, பெடலைக் கிளச்சோட இணைக்கிற அந்த ராட் எங்க?

– பெட்டியுக்க.

– நாளைக்குத் தேரு, ராட் பெட்டிக்குள்ளயா? குடுங்க, மாட்டிடறேன். பத்து நிமிஷ வேலை.

– அது வேண்டாம்.

– எது வேண்டாம்?

– கிளச். இந்தக் கியருக்கு அது தேவையில்லை. முதலாவதில போட்டிட்டு ஸ்ராட்டரை அடிச்சா வண்டி தன்ர பாட்டில வெளிக்கிடும். நிப்பாட்ட வேணுமெண்டாச் சாவியைத் திருப்பினாச் சரி. ஊரில கிளச் போன லொறி ஒண்டை நான் மூண்டு மாசம் அப்பிடி ஓட்டினனான்.

– ஓட்டலாம். எங்கப்பாவும் எஸ்டேட்டுல ஓட்டியிருக்காரு. சாமான் கிடைக்கலன்னா ஓட்டுவாங்க. இருக்கிற ராடைப் பெட்டியில பூட்டி வச்சுட்டு யாருண்ணே ஓட்டுவாங்க?

– நான் ஓட்டுவன்.

– சீட்ல ஏறி உக்காருங்க.

– ஏன்?

– உக்காருங்க. இப்ப என் முகத்தைப் பாருங்க, கீழ பாக்கக் கூடாது. இடது காலைத் தூக்கிக் கிளச் பெடல்ல வைங்க.

– விசர்க்கதை கதையாதையும். வேலையை முடியும்.

– வைங்கண்ணே.

– வைச்சிட்டன். போதுமே?

– அது பெடல் இல்லண்ணே. தரை.

– வடிவாப் பாரும்.

– நான் பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறேன். எவ்வளவு நாளா இப்படி?

– ரெண்டு வருசம். சீனி வருத்தம், டயபிட்டீஸ். முதல் விரல் மரத்துது, பேந்து பாதம். இப்ப முழங்கால் வரைக்கும் வேற ஆற்றையோ கால்.

– அப்போ போன வருசம்?

– கால் வழுக்கிப்போட்டுது. பெடலில இருக்கு எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருந்தன். தவம் றோட்டில கிடக்கிறா, சனம் கூடியிட்டுது. நான் இறங்கி வாய் திறக்க முதல் ஆரோ கியரிலதான் பிழை எண்டினம். கமிட்டித் தலைவர் என்னட்டக் கேட்டார். நான் ஓம் எண்டிட்டன்.

– ஓம்னுட்டீங்க. நான் நாலு மாசமா, சனிக்கிழமை சனிக்கிழமையா என் பிள்ளைங்களை விட்டுட்டு வந்து, அந்த ஓமுக்குத் தட்டு செஞ்சிருக்கேன்.

– மன்னிச்சுக்கொள்ளும்.

– வலது கால் எப்படி இருக்கு? பிரேக் போடற கால்?

– அது நல்லாத்தான் இருக்கு.

– அண்ணே.

– பெருவிரல் மட்டும்.

– நாளைக்கு அக்கா எங்க உக்காருவாங்க?

– எனக்குப் பக்கத்தில. ஆசுப்பத்திரியில கிடக்கேக்க நேர்த்தி வைச்சவ, எழும்பி நடந்தா அதே சீற்றில அதே செம்போட இருப்பன் எண்டு.

– சாவியைத் திருப்பித் திருப்பி, அம்பது வீட்டு வாசல்ல நிப்பாட்டி எடுக்கப் போறீங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு குலுக்கு. யாராச்சும் குழந்தை குறுக்க வந்தா, பிரேக்கைத் தேடுற காலும் உணர்ச்சி இல்லாத கால். பக்கத்துல ஒட்டுப் போட்ட இடுப்போட அக்கா. இதுக்குத்தான் ஒரு வருசம் திட்டம் போட்டீங்களா?

– நாளைக்கு ஒரு நாள் விடும். பேந்து நான் சாவியைத் தொடமாட்டன், சத்தியம். இளங்கோ, கியர் எண்டு நம்பித்தான் அவ இவ்வளவு நாளும் என்னோட சிரிச்சுக் கதைக்கிறா. ராவில எழும்பி நோகுது எண்டு சொன்னா நான் தைலம் தடவி விடுறன், கியரைத்தான் பேசுறன். என்னாலதான் பொல்லு ஊண்டுறன் எண்டு அவவுக்குத் தெரிஞ்சா எனக்கு அந்த வீட்டுக்குள்ள இருக்க ஏலாது.

– எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்லண்ணே. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? அந்தா, அக்கா வர்றாங்க.

– இஞ்சேருங்கோ, ரெண்டு பேரும் கையைக் கழுவுங்கோ. ஒரு கையில பொல்லு, ஒரு கையில தேத்தண்ணி. பாதி வழியில சிந்திப்போச்சு, ஒருத்தரும் ஒண்டும் கேக்கக் கூடாது. பூட்டியாச்சே தம்பி உந்தக் கண்டறியாத கியர்?

– பூட்டியாச்சுக்கா.

– நல்லா இருப்பீங்கள். நாளைக்குப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. பன்னீர் தெளிக்கேக்க முன்னுக்கு வந்து நிக்கச் சொல்லுங்கோ. ஏன் இவர் உச்சியில ஏறி இருந்துகொண்டு ஸ்ரேறிங்கைப் பிடிச்சபடி யோசிக்கிறார்?

– தவம்.

– சொல்லுங்கோ.

– நாளைக்கு இளங்கோ ஓட்டட்டும்.

– ஏன்?

– கிளச் ராடை இப்ப மாட்டுவார். மாட்டினா ஆரும் ஓட்டலாம், மெல்லப் போகும். நீர் பயமில்லாமல் ஏறி இரும்.

– நான் பயப்பிடுறன் எண்டு ஆர் சொன்னது? நீங்கள் ஏன் ஓட்டேல்லை எண்டுதான் கேட்டனான்.

– என்ர இடது கால் செத்துப் போச்சு. ரெண்டு வருசமாச்சு. அண்டைக்குப் பெடலில இருந்து வழுக்கினது கால்தான். உம்மை விழுத்தினது நான். ஒரு வருசமா உமக்குக் கியர் எண்டு பொய் சொல்லிக்கொண்டு இருந்தனான்.

– தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது.

– நான் சொன்னது விளங்கினதே, தவம்?

– விளங்காமல் என்ன. பக்கத்திலதானே இருந்தனான், உங்கட காலைப் பாத்துக்கொண்டுதான் விழுந்தனான். றோட்டில கிடந்தபடி முதல்ல கியர் எண்டு சொன்னதும் நான்தான்.