மூடி வைத்த தட்டு

எண்ணூர் போகிற பேருந்து திருவொற்றியூர் அருகே கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்றுவிட்டது. முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள், சபையிலிருந்து ஊழியத்துக்குப் போய்விட்டுப் போன மாதம்தான் திரும்பியவள் போலிருக்கிறது.

"கென்யால ஒரு குடும்பம் இன்னும் எனக்கு சோறு எடுத்து வெச்சிகினு கீதுடி."

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இன்னாடி சொல்ற?"

"கெளம்பும்போது 'போறேன்'னு வாயில வருமா? 'போய்ட்டு வரேன்'னு அப்டியே இங்கிலீஷ்ல சொல்லிட்டேன்."

"கரெக்டுதான?"

"நா ப்ளைட்ல கீறேன், அவங்க சாயங்காலமே வந்துருவேன்னு கோழி அறுத்துட்டு வாசல்ல குந்திகினு கீறாங்க. அன்னிலேந்து தெனம் மூடி வெச்ச தட்டு போட்டோ அனுப்புறாங்க."

"வரமாட்டேன்னு சொல்லித் தொலையேன்."

"இப்பதான் விசுவாசத்துக்கு வந்துகினு கீறாங்க. ஊழியத்துக்கு வந்த பொண்ணே பொய் சொல்லிச்சுன்னா?"

"அப்டி இன்னாதான் பிரசங்கம் பண்ண அங்க?"

"ஆண்டவர் போய்ட்டு வரேன்னு சொல்ட்டு போனாரு, எப்ப வேணா வருவாரு, ரெடியா இருங்கன்னு."

 ஜன்னலோரம் இருந்தவளின் கைப்பேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்தாள்.

"இன்னிக்கு மீனு."