முதல் வண்டியின் கொடி

— இறங்கு சுவைனா, இறங்கு! பெட்ரோல் பங்க்ல அத்தனை பேரும் பாக்குறாங்க. நம்ம வீட்டுப் பொண்ணு வண்டிக் கூரையில ஏறி ஸ்பானர் திருப்பினாளாம்னு நாளைக்கு இப்ரா ஊர் முழுக்கப் பேசுவாங்க.

— பேசட்டும் கல்ஃபான் அண்ணா. நேத்துதான் ரெண்டு வண்டிக் கூரையிலயும் மடக்குக் கூடாரம் மாட்டினது. முதல் அம்பது கிலோமீட்டர் ஓடினதும் எல்லாப் போல்ட்டையும் மறுபடி முறுக்கணும். வண்டி அதிர்ந்ததுல நெகிழ்ந்திருக்கும்.

— யா சலாம்! இதென்ன போல்ட்டு மேல செவப்பா? நகப்பூச்சா? உன் கூடாரத்துக்கு இன்னிக்குக் கல்யாணமா?

— சிரி, சிரி. போல்ட்டுலேருந்து தகடு வரைக்கும் ஒரே கோடா இழுத்திருக்கேன். போல்ட்டு துளி திரும்பினாலும் கோடு ரெண்டாப் பிரிஞ்சு காட்டிக் குடுத்துடும். உன்னோடதைப் பாத்தியா?

— நான் எதுக்குப் பாக்கணும்? கடைக்காரன் மாட்டினது. அவன் கை இரும்புக் கை.

— அதுமேல நாலு தண்ணி கேனும் விறகுக் கட்டும் ஏத்தினது யாரு? அவனா?

— அட, ராத்திரி அதுமேல நானும் உன் அண்ணியும் ரெண்டு புள்ளைங்களும் படுக்கப் போறோம். நாலு பேரைத் தாங்குற கூரை நாலு கேனைத் தாங்காதா?

— நிக்கிற வண்டி தாங்கும் அண்ணா, குலுங்கிக்கிட்டு ஓடுற வண்டி தாங்காது. ஓடுறப்ப எழுபத்தஞ்சு கிலோதான்னு கூடாரத்தைத் தாங்குற உன் குறுக்குக் கம்பியிலயே எழுதியிருக்கு. கூடாரமே அறுபது!

— ஏங்க, அவ சொல்றது நியாயந்தான். கேனையும் விறகையும் நான் உள்ள எடுத்து வச்சுடுறேன்.

— ஷம்ஸா, கட்டின பொண்டாட்டி நீயே நாத்தனா கட்சிக்குப் போயிட்டியா! வைங்க, என்னவோ பண்ணுங்க. நான் போய் ஒரு கரக் டீ குடிச்சுட்டு வர்றேன்.

— நில்லு அண்ணா. ஆறு வருஷமா நம்ம பாலைவனப் பயணத்துல கடைசி வண்டி நான்தான். உன் புழுதியைத் தின்னு தின்னு தொண்டையே மணலாப் போச்சு. இன்னிக்குப் பந்தயம். மணல் மேடெல்லாம் தாண்டி இறங்குறதுக்குள்ள உன் கூடாரம் நகர்ந்து என்னோடது நகரலேன்னா, நாளைக்கு நான்தான் முதல் வண்டி, முதல் வண்டிக்கான அப்பாவோட கொடி என் வண்டியில பறக்கணும்.

— ரெண்டும் நகரலேன்னா?

— நீயே வச்சுக்க. இனிமே வாயே திறக்க மாட்டேன்.

— சாட்சி நீதான் ஷம்ஸா! பாவம், இவ வாயை இன்னியோட மூடிடலாம்.

* * *

— வந்தாச்சு! சாயந்திர அஸர் தொழுகைக்கு முன்னாடியே வந்தாச்சு! எப்படி இறக்கினேன் பாத்தியா சுவைனா, அந்தக் கடைசி மேட்டை? வண்டி மூக்கு குத்தி நின்னுச்சே!

— பாத்தேன் அண்ணா. எனக்கு உயிரே போயிடுச்சு.

— உன் கூடாரம்?

— ஒரு நூல்கூட நகரல.

— என்னோடதும் நகரல! முறுக்காமலே! அம்பது கிலோமீட்டராம், நகப்பூச்சாம். கொடி எனக்குத்தானே? வாயைத் திற பாப்போம்!

— உனக்குத்தான். நான்தான் தோத்தேன்.

— என்னடி இவ்வளவு சீக்கிரம் அடங்கிட்டே? சண்டை போடாம ஜெயிச்சா நல்லாவா இருக்கு? ஷம்ஸா, ஏணியைப் பிடி. ஏறி கூடார உறையைக் கழட்டுறேன்.

— பிடிச்சுட்டேன். பாத்து ஏறுங்க.

— இரு... இரு... இதென்ன? என் போல்ட்டுல செவப்புக் கோடு. இதுலயும். அந்தப் பக்கமும்! ஷம்ஸா?

— என்னை ஏன் பாக்குறீங்க? நீங்க டீக்கடையில உக்காந்து கதை அளந்தப்ப அவதான் ஏறி எல்லாத்தையும் முறுக்கிக் கோடு போட்டா. நான் இதே மாதிரி ஏணி பிடிச்சேன். மூணு போல்ட்டு லூசு. நாலாவது, அவ விரலாலயே கழண்டு வந்துடுச்சு. உங்க இரும்புக் கைக்காரன் மாட்டினது!

— அண்ணி, சொல்ல வேண்டாம்னுதானே சொன்னேன்?

— சுவைனா, இது தெரிஞ்சேவா பந்தயம் கட்டினே?

— கட்டினப்ப தெரியாது அண்ணா. அப்புறம்தான் ஏறிப் பாத்தேன்.

— சும்மா விட்டிருந்தா முதல் மேட்டுலயே என் கூடாரம் மண்ணுல கிடந்திருக்கும். கொடி உன் கையில இருந்திருக்கும்.

— அதுக்காக? பின்சீட்டுல உன் புள்ளைங்க தூங்கிட்டிருந்துச்சுங்களே அண்ணா. கொடி என்ன பெரிய கொடி!

— ஏங்க, எங்க போறீங்க? உறையைக் கழட்டாம? ஐயையோ, கொடிக்கம்பத்தை எதுக்குப் பிடுங்குறீங்க?

— நகரு ஷம்ஸா. இந்தா சுவைனா, இதை உன் வண்டியில மாட்டு. நகப்பூச்சு மிச்சமிருந்தா இதுக்கும் ஒரு கோடு போட்டுக்க. நாளையிலேருந்து உன் புழுதியை நான் திங்கிறேன்.