கொல்லைக் கதவு

வெங்காயத்தை உரித்துக்கொண்டே கேளுங்கள். விடிந்தால் கல்யாணம், மூட்டை பாதிகூடத் தீரவில்லை. பயந்தவர்கள் இப்போதே போய்ப் படுத்துக்கொள்ளலாம்... பிறகு என்னைத் திட்டக் கூடாது.

நம் வளர்மதியின் கொழுந்தன் அறிவரசனுக்கு நடந்தது இது. அரியலூரில் மோட்டார் காயில் கட்டுகிறானே, அவன்தான்.

விளக்கு வைக்கும் நேரம். ஊருக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோடு. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, லாரி இல்லை... ஒரு நாய்கூட இல்லை. வண்டியில் அவனும் அவன் பெண்டாட்டி வெற்றிச்செல்வியும் மட்டும். ஒரு பழைய வீட்டை வாங்கலாமா வேண்டாமா என்று கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடப் போனார்கள்.

அறுபது எழுபது வருஷத்து வீடு. தேக்குத் தூண், சிவப்புச் சிமெண்டுத் தரை, கொல்லையில் கிணறு. அந்த விலைக்கு டவுனில் காலிமனைகூட வராது. ஏன்? சுரங்கத்தில் வெடி வைக்க வைக்கச் சுவரெல்லாம் விரிசல், எந்நேரமும் புழுதி. தெருக்காரர்கள் ஒவ்வொருவராகத் திருச்சி, சென்னை என்று போய்விட்டார்கள். பாதி வீடு பூட்டு, பாதி வீடு இடிசல். அவர்களுக்கு ஆகாமல் போன பிறகுதான் நம்மைப் போன்றவனுக்கு விற்க மனசு வந்தது. நம் ஆட்கள் செருப்புப் போட்டு நடக்க முடியாத தெருவாக இருந்தது அது.

அறிவரசனின் அம்மா வேம்பு, அதே வீட்டில் சாணி அள்ளியவள். சந்து வழியாகப் போய்க் கொல்லைக் கதவோடு நிற்க வேண்டும். வீட்டுக்கார ரத்தினம்மாள் கொட்டாங்குச்சியில் கஞ்சி ஊற்றுவாள்... கை பட்டுவிடாமல், உயரத் தூக்கி. அந்த வீட்டு முன்வாசல் எப்படி இருக்கும் என்று வேம்புக்குத் தெரியாது. ரத்தினம்மாள் செத்து ஆறு வருஷம். பேரன் சுரேஷ்குமார் பெங்களூரில் இருந்துகொண்டு, விற்றால் போதும் என்கிறான்.

"அந்த வூடு வேணாம்ப்பா" என்றாள் வேம்பு.

அவனுக்கு வீம்பு. வாடகைக்குப் போன இடத்திலெல்லாம் எந்த ஊரு, எந்தத் தெரு என்று கிளறிக் கிளறிக் கேட்டுக் காலி பண்ணச் சொன்னவர்கள்தான். இருக்கிற வீட்டையும் மாதக் கடைசியில் விட வேண்டும். "எங்கம்மாவ முன்வாச வழியா கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போவேன். அதுக்காகவே வாங்குவேன்" என்றான். வயிறு எரிந்து சொன்ன சொல்.

புரோக்கர் மணிவண்ணன் தெருமுனையில் நின்றபடியே சாவியைக் கொடுத்தான். "வெளக்கு வைக்கிற நேரங்க... நான் வரல. நீங்களே சூடம் காட்டிட்டு வாங்க." அட்வான்ஸ் கொடுக்கும் முன் வீட்டுக்குள் சூடம் ஏற்றி, நின்று எரிகிறதா என்று பார்ப்போமே, அதற்குத்தான்.

பூட்டைத் திறந்தான். கதவைத் தள்ளினான். வரவில்லை. போன வாரம் ஒரு விரலுக்குத் திறந்த கதவு. தோளைக் கொடுத்தான்... உள்ளே, சர்ர்ர்... டக். தாழ்ப்பாள் போடுகிற சத்தம்.

"உள்ள யாருங்க?"

பதிலுக்கு வாசனைதான் வந்தது. புளித்த கஞ்சி வாசனை... ஆறு வருஷமாக அடுப்பு எரியாத வீட்டில்.

அப்புறம் பக்கத்துச் சந்தில்... கிரீச்ச்...

கொல்லைக் கதவு.

முள்ளை ஒதுக்கிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. உள்ளே கும்மிருட்டு. படியில் இரண்டு கொட்டாங்குச்சி. நிறையக் கஞ்சி, பக்கத்தில் கல்லுப்பு. ஆவி பறக்கிறது.

வெற்றிச்செல்வி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க, போயிரலாம்..."

அவனுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. செத்தும் இந்தத் திமிர் போகவில்லையே!

"காசு குடுத்து வாங்கப் போறேன்... முன்வாசலத் தொற!" என்று கத்தினான்.

இருட்டுக்குள் ஒரு கிழட்டுச் செருமல்.

"வேம்பு மவனா..."

அவ்வளவுதான். அதட்டல்கூட இல்லை. தினம் வருகிறவனைக் கேட்கிற மாதிரி. அந்த நிதானத்தில்தான் அவன் ஓரடி பின்னால் எடுத்து வைத்தான்.

பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, உள்ளிருந்து இன்னொரு கொட்டாங்குச்சி... தரையில் தேய்ந்து தேய்ந்து வந்து, அந்த இரண்டுக்கும் பக்கத்தில் நின்றது. சின்னது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதில் கஞ்சி இல்லை... பால்.

சூடம் எங்கே விழுந்ததோ தெரியாது. சாவியை மணிவண்ணன் மேல் எறிந்துவிட்டு, "வேணாம், வேற ஆளப் பாத்துக்கங்க" என்று வண்டியை முறுக்கினான். டவுன் வெளிச்சம் தெரிந்த பிறகுதான் நிறுத்தினான்.

"நாம ரெண்டு பேர்தான போனோம்? மூணாவது யாருக்கு?"

வெற்றிச்செல்வி அவன் கையை எடுத்துத் தன் அடிவயிற்றில் வைத்தாள். அன்று காலையில்தான் அவளுக்கே தெரிந்திருந்தது. வீடு முடிந்ததும், அத்தையை முன்வாசலில் நிறுத்திவைத்துச் சொல்லலாம் என்றிருந்தாள். யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

ரத்தினம்மாள் மட்டும்... அதற்கும் ஒரு கொட்டாங்குச்சி எடுத்து வைத்துவிட்டாள்.