நாற்பது டிகிரி

எனக்கு நாற்பது டிகிரிக்கு மேல் வெந்நீர் ஆகாது. இதய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஜப்பானின் பிவா ஏரிக்கரையில் நான் போகும் குளியல் விடுதிப் பெண்களில் அதை ஞாபகம் வைத்திருந்தவள் ஹொதாரு மட்டும்தான்.

பதினோரு வருடம். என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வியாழக்கிழமை விடுமுறை, அன்று மத்தியானம் போய்விடுவேன். அங்கே ஆண்கள் எதற்குப் போவார்களோ அதற்குத்தான் நானும் போனேன். ஆனால் மனதில் நின்றது வேறு. தொட்டியில் முழங்கையை விட்டுச் சூடு பார்த்துவிட்டு அவள் கூப்பிடுவது.

"வாங்க இனுகை சார், வேகவச்சிட மாட்டேன். வெந்தாலும் யாரு திங்கிறது, எல்லாம் எலும்பு."

கிளம்பும்போது விடுதியின் விசிட்டிங் கார்டு ஒன்று தருவாள். பின்பக்கம் அவள் கைப்பட ஒரு வரி இருக்கும். எல்லா வாடிக்கையாளருக்கும் எழுதுவார்கள், அது அங்கே வழக்கம். நான் அவற்றை பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவைத்தேன்.

போன மார்ச்சில் வேலையை விட்டாள். கடைசி நாள், முதுகு தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"சுருகாவுல ஒரு குழந்தைகள் காப்பகத்துல டீச்சர் வேலை சார். மூணு தடவ பரீட்சை எழுதினேன்ல, ஒருவழியா பாஸ். என் நிஜப் பேரு யுகாரி. உங்ககிட்ட மட்டும் சொல்லணும்னு தோணுச்சு."

அங்கே பெயர் கேட்பது அநாகரிகம். நான் கேட்கவே இல்லை. அவளாகக் கொடுத்தது.

"சந்தோஷம்மா" என்றேன். சந்தோஷம்தான் பட்டேன். மூன்று வியாழன் பொறுத்தும் பார்த்தேன். புதுப் பெண் சுவரிலிருந்த மீட்டரைப் பார்த்துத் தண்ணீர் பிடித்தாள்.

சுருகாவில் ஒவ்வொரு காப்பகமாகப் போய் நின்றேன். நான்காவதன் வாசலில் ஏப்ரன் கட்டிக்கொண்டு ஒரு குழந்தைக்கு மூக்கு துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் காப்பகத் தலைமை ஆசிரியைக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அவதூறு என் பழக்கம் இல்லை. டப்பாவில் இருந்ததிலேயே அழகான கார்டை எடுத்து உறையில் போட்டு அனுப்பினேன், அவ்வளவுதான். பெற்றோருக்குத் தினமும் குறிப்பேடு எழுதுகிற கை அவளுடையது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஜூனில் ஹொதாரு விடுதிக்குத் திரும்பினாள்.

"கையெழுத்த வச்சுக் கண்டுபிடிச்சுட்டாங்க சார். கார்டுல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? 'நாற்பது டிகிரி, மறக்க மாட்டேன்'னு."

கண்ணாடியில் என்னையே பார்த்தாள்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன. எனக்கு வேற எங்க போக்கிடம்? உக்காருங்க, முதுகு தேய்க்கிறேன்."

ஒரு வசவு இல்லை, அழுகை இல்லை. மன்னித்துவிட்டாள் என்று புரிந்துகொண்டேன்.

இப்போதெல்லாம் அவள் முழங்கையை விட்டுப் பார்ப்பதில்லை. வியாழனுக்கு வியாழன் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகச் சுடுகிறது. போன வாரம் மீட்டரில் நாற்பத்து மூன்று. நெஞ்சை அடைத்தது, எழுந்திருக்கப் பார்த்தேன். அவள் என் தோளை மெதுவாக அழுத்தினாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருங்க சார்."

பதினோரு வருடத்தில் அவள் என்னை இருக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.