மடித்து வைத்த பக்கங்கள்

— காமர்ஸா? நீயா? உண்மையைச் சொல்லு அம்மாடி, யார் அந்தப் பையன்?

— பையனும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரெண்டு வருஷமா நீங்கதானேப்பா "காமர்ஸ் எடு, காமர்ஸ் எடு"ன்னு உயிரை வாங்கினீங்க? எடுத்துட்டேன். சாயங்காலம் காலேஜுக்கு விண்ணப்பத்தை அனுப்பப் போறேன்.

— அதான் உதைக்குது. குடை எடுத்துட்டுப் போன்னு நான் சொன்னா, வேணும்னே நனைஞ்சுட்டு வர்றவ நீ. இன்னிக்கு மட்டும் என்ன பணிவு பொத்துக்கிட்டு வருது?

— கண்ணாடியில என்னை முறைக்காம கத்தரியைப் பாருங்க. நாற்காலியில இருக்கற சாரோட காது பத்திரம்.

— அவர் காதை நான் பாத்துக்கறேன். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துலயும் புத்தகம், தலைகாணிக்கு அடியிலயும் புத்தகம். இலக்கியம்தான் படிப்பேன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவ ஏன் மாறினா?

— மாடி வீட்டு அக்கா இலக்கியம்தானே படிக்கறாங்க? "இந்த நாவல்ல எந்த இடத்துல அழுதீங்க?"ன்னு கேட்டேன். "அது அஞ்சு மார்க் கேள்வி, அழறதுக்கெல்லாம் நேரமில்ல"ன்னாங்க. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். காமர்ஸ் எனக்கு ஏற்கெனவே பிடிக்காது. பரீட்சை அதைக் கெடுத்தா எனக்கென்ன நஷ்டம்?

— நல்லாத்தான் ஜோடிக்கற. நம்பத்தான் முடியல.

— சரி, இப்ப நான் கேக்கறேன். நூலகத்துல என்னை நிக்க வச்சுத் திட்டறாங்க. நான் திருப்பிக் குடுக்கற புத்தகத்தை உதறினா முடி கொட்டுதாம். நரைச்ச முடி, சுருட்டை முடி, சாயம் அடிச்ச முடி.

— சலூன் வச்சிருக்கறவன் வீடு. காத்துல பறந்து வந்திருக்கும்.

— காத்து பக்கத்தோட ஓரத்தையும் மடிச்சு வைக்குமா?

— சார், தலையை ஆட்டாதீங்க.

— பொண்ணு கேக்குதுல்ல, பதிலைச் சொல்லுய்யா. என் மீசை பாதியில நிக்குது.

— ஆள் வராத நேரத்துல சும்மா புரட்டறதுதான். முக்கியமான கட்டம் வரும்போது நீ கொண்டுபோய்க் குடுத்துடற.

— அப்புறம் எதுக்குப்பா என்னைக் காமர்ஸ் எடுக்கச் சொன்னீங்க?

— இலக்கியம் எடுன்னு நான் சொல்லியிருந்தா எடுத்திருப்பியா? அதான் மாத்திச் சொன்னேன். பாவி, என்னிக்கும் இல்லாம இன்னிக்குப் போய் என் பேச்சைக் கேட்டுட்டியே!

— நீங்க புரட்டறதுக்காக நான் மூணு வருஷம் இலக்கியம் படிக்கணுமா?

— விசாரிச்சுட்டேன் அம்மாடி. அந்தக் காலேஜ் நூலகத்துல இலக்கியப் பிள்ளைங்களுக்கு ஒரு தடவைக்கு ஆறு புத்தகம் தர்றாங்க. காமர்ஸ் பிள்ளைங்களுக்கு ரெண்டே ரெண்டுதான்.